வாடகை வீட்டில் ஓர் ஓவியரின் அறை: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறீர்கள், பாதி தாளில், பாதி டேப்லெட்டில். சென்னையில் வாடகை வீடு. 10க்கு 9 அடி அறை, மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல், ஒரு ஸ்பிளிட் ஏசி, சுவரில் ஒரு எல்இடி ட்யூப். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. சுவருக்குக் கருநீலம் அடித்து, நியான் எழுத்து மாட்டி, நாலைந்து செடி வைத்தால் கற்பனை ஊறுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவே ஒரு வரி இருக்கிறது: "கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் தலை கனத்துவிடுகிறது, ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது." உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த அறையில் ஏன் வேலை நகரவில்லை, அதில் அறையின் பங்கு எவ்வளவு, எதை மாற்றினால் பலன் தெரியும்?

கட்டடக் கலை படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உள் அலங்கார வேலை செய்கிறேன். பெரும்பாலும் சின்னச் சின்ன வேலையிடங்கள்: ஓவியர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள், துணி டிசைன் போடுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். இந்த விஷயத்தில் நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள். அதில் எது உறுதி, எது ஓர் ஆய்வை மட்டும் நம்பிச் சொல்வது, எது என் அனுபவம் மட்டுமே என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில் வெளிச்சம். உங்கள் அறையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 வாட் எல்இடி ட்யூப் ஒன்று ஏறத்தாழ 2,000 லூமென் (விளக்கு வெளிவிடும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தரும். உங்கள் அறை எட்டரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுவரும் கூரையும் விழுங்கியது போக, ட்யூபின் வெளிச்சத்தில் பாதிதான் மேசை மட்டத்துக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் தாளின்மேல் விழுவது 120 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) அளவுக்குத்தான் இருக்கும். எழுதப் படிக்கிற மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா நாட்டுத் தர அளவுகளிலும் உள்ளது. வண்ணம் பார்த்து வேலை செய்கிறவருக்கு இன்னும் கூடவே தேவை. ட்யூப் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், அந்த 120 லக்ஸிலும் உங்கள் தலை நிழல் விழும். ராத்திரி வேலை செய்யும்போது கண் கரிப்பதற்கும், "இன்றைக்குப் போதும்" என்று எழுந்துவிடத் தோன்றுவதற்கும் இதில் கணிசமான பங்கு இருக்கும்.

இதற்குத் தீர்வு அறை முழுவதும் இன்னும் நாலு விளக்கு மாட்டுவதில்லை. கை நீட்டி மடக்கக்கூடிய ஒரு மேசை விளக்கு, அதில் 9 வாட் பல்பு, தாளிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். அவ்வளவுதான். விளக்கு தாளுக்குக் கிட்ட இருப்பதால் அந்த ஒரு பல்பே 500 லக்ஸைத் தாண்டிவிடும். பல்பு வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கெல்வின், வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதற்கான அளவு. நம் ஊர்க் கடையில் கேட்டதும் எடுத்துத் தருவது 6500 கெல்வின் 'கூல் டேலைட்', அதாவது நீலம் பாய்ந்த வெள்ளை. படம் வரைய 4000 முதல் 5000 வரை உள்ளது இதமாக இருக்கும். இன்னொன்று சிஆர்ஐ, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு. சாதாரண பல்புகள் 80 அளவில் இருக்கும். நீங்கள் 90க்கு மேல் கேட்டு வாங்குங்கள். 80 பல்பின் கீழ் கலந்த சிவப்பும் தோல் நிறமும் காலையில் ஜன்னலோரம் வேறு மாதிரி தெரிகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற ஓவியர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

அடுத்தது மேற்கு ஜன்னல். மதியம் இரண்டு மணிக்கு மேல் அது வெளிச்சத்தைவிட வெப்பத்தைத்தான் அதிகம் தரும். உள்ளே கனமான திரை போடுவதால் கண் கூசாது, ஆனால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டால் வெப்பம் அறைக்குள்தான். கிரில்லுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்ட முடிந்தால் அதுவே நல்லது. கயிறு இழுத்துச் சுருட்டும் வகை கிடைக்கிறது. குடியிருப்புச் சங்கம் ஒத்துக்கொள்ளாவிட்டால், உள்பக்கம் வெளிர் நிறத்தில் சுருள் திரை. வெள்ளைத் துணி வெயிலில் கொஞ்சத்தையாவது திருப்பி வெளியே அனுப்பும், கருநிறத் துணி அதை வாங்கி அறைக்குள் விடும். சிலர் உங்களுக்கு, ஓவியருக்கு வடக்கு ஜன்னல்தான் சரி, அறையை மாற்றுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் அது அப்படியே பொருந்தும். அங்கே சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்து நிற்கும், வடக்கில் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வெயிலே நமக்கு வடக்குப் பக்கம்தான் இருக்கும். இங்கேயும் வடக்கு ஜன்னல் நல்லதுதான், ஆனால் அதற்காக இருக்கிற அறையை விட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை.

நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதும் இங்கே முடிவாகிவிடுகிறது. கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும், மாலை முழுக்கத் திரையில் உங்கள் நிழலும் ஜன்னலின் பளபளப்பும்தான் தெரியும். மேற்கு பார்த்தால் நேரே கண்ணில் வெயில். வடக்கு பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும், வலக்கைக்காரருக்குக் கை நிழல் கோட்டின்மேல் விழாது, திரையிலும் எதிரொளிக்காது. இடக்கைக்காரர் என்றால் தெற்கு பார்க்கலாம். வாஸ்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். வடக்கு பார்த்து உட்காருவது வாஸ்துவிலும் ஏற்றது என்பதால், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

தலை கனக்கிறது என்றீர்களே, அதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது காற்றை. நம்மில் பலருக்கு ஏசி போட்டால் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று நினைப்பு. வீட்டில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி அறையில் இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவர் மணிக்குப் பதினெட்டு, இருபது லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு வெளிவிடுகிறார். உங்கள் அறையின் கொள்ளளவு சுமார் 24 கன மீட்டர். இண்டு இடுக்கு இல்லாமல் மூடினால் மணிக்கு 750 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 750 பங்கு) அளவுக்கு ஏறும் என்பது கணக்கு; வெளியே இருப்பது 420 பிபிஎம் அளவு. கதவிடுக்கு வழியாக ஓரளவு வெளியேறினாலும், இரண்டு மணி நேரத்தில் 1,000ஐத் தாண்டுவது சாதாரணம். 2012-ல் அமெரிக்காவில் 600, 1,000, 2,500 பிபிஎம் என மூன்று அளவுகளில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். அளவு கூடக்கூட முடிவெடுக்கும் திறன் மங்கியது. பிறகு வந்த சில ஆய்வுகள் இவ்வளவு தெளிவான பாதிப்பைக் காணவில்லை. ஆகவே வாயுவே குற்றவாளி என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மூடிய அறையில் மந்தமும் தூக்கமும் வருவது எல்லோரும் அறிந்தது, அதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்குக் காசும் செலவில்லை. ஏசி ஓடும்போதே ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவையுங்கள், அல்லது மணிக்கொரு முறை கதவையும் ஜன்னலையும் பத்து நிமிடம் விரியத் திறந்துவிடுங்கள். ஒரு வாரம் செய்து பாருங்கள். கரன்ட் பில் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகும் தலைவலி போகவில்லை என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, அலங்காரத்துக்கு வருவோம். இதில் நான் மிகவும் மதிக்கிற ஆய்வு இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் செய்து 2010-ல் வெளியிட்டது. ஒரே மாதிரி வேலையை நாலு விதமான அறைகளில் செய்யச் சொன்னார்கள். ஒன்று வெறும் மேசை நாற்காலி. இரண்டாவதில் செடிகளும் படங்களும் ஏற்கெனவே வைத்திருந்தன. மூன்றாவதில் அதே செடிகளையும் படங்களையும் உட்காருபவரே தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். நாலாவதில் அவரை அடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவைத்துவிடுவார். வெறும் அறையைவிட அலங்கரித்த அறையில் வேலை 17 சதவீதம் கூடுதலாக நடந்தது. தானே அடுக்கிக்கொண்டவர்களிடம் 32 சதவீதம். நாலாவது அறையில், தான் அடுக்கியதைக் கலைத்தார்கள் என்றதும், அந்த ஆதாயம் பறிபோனது. பொருள்கள் எல்லாம் ஒன்றே, யார் கை வைத்தது என்பதுதான் மாறியது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அங்கே கொடுத்த வேலை சீட்டு அடுக்குவது, ஒரு தாளில் குறிப்பிட்ட எழுத்தைத் தேடுவது போன்றவை. கற்பனை வேலையை அவர்கள் அளக்கவில்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் நான் கண்ணால் கண்டதோடு இந்த முடிவு மிகவும் ஒத்துப்போகிறது. நாங்கள் முழுக்க முடித்துச் சாவி கொடுத்த அறைகளைவிட, பாதியில் நிறுத்தி "மிச்சத்தை நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்று விட்டுவந்த அறைகளில்தான் ஆட்கள் அதிக நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

இதற்கு வரலாற்றிலும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி என்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் போர்க்கால ரேடார் ஆராய்ச்சிக்காக அவசர அவசரமாக ஒரு மரக் கட்டடம் எழுப்பினார்கள், எண் 20 என்று பெயர். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகத்தான் திட்டம். அது 1998 வரை நின்றது. கோடையில் சூடு, குளிர்காலத்தில் குளிர், சுவரெல்லாம் மெலிந்த பலகை. ஆனால் யாரும் அதை மதிக்காததால், யாரிடமும் கேட்காமல் சுவரில் துளை போட்டு ஒயர் இழுக்கலாம், தடுப்பைப் பெயர்க்கலாம். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் அலுவலகம் நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. நம் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தக் காசில் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்து மணல்வெளியில் இடம் வாங்கி, குடிலும் பட்டறையும் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். அந்த இடம் அழகாக இருந்ததால் ஓவியம் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தன் இடத்தில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்கிற நிலை வேலைக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இரண்டுமே எடுத்துக்காட்டு.

உங்களுக்குத்தான் வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டேன் என்கிறாரே. அதற்கு நான் வழக்கமாகச் செய்வது இது. பிளைவுட் கடையில் 8க்கு 4 அடியில் சாஃப்ட் போர்டு (குண்டூசி குத்தக்கூடிய மென்பலகை) ஷீட் கிடைக்கும். அதை 6க்கு 4 ஆக வெட்டித் தரச் சொல்லுங்கள். மேலே சணல் துணியோ காடாத் துணியோ இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் போதும். மேசையைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட்டு, மேசையின் பின் விளிம்பில் போர்டை நிறுத்திச் சுவரில் சாய்த்துவிடுங்கள். மேசை இரண்டரை அடி, போர்டு நாலடி, ஆக ஆறரை அடி உயரம் வரை குத்துவதற்கு இடம், ஒரு ஆணி கூட இல்லாமல். நழுவாமல் இருக்க மேசை விளிம்பில் ஒரு மெல்லிய மரச் சட்டத்தை ஒட்டிவிடுங்கள். வெளிச்சுவர் என்றால் மழைக்காலத்தில் ஓதம் ஏறும். போர்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட இடம் இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சை பிடித்துவிடும். நாலு மூலையிலும் ஒரு பாட்டில் மூடியை ஒட்டினால் அந்த இடைவெளி கிடைத்துவிடும்.

இந்தப் போர்டில் எதைக் குத்துவது என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இது ஆய்வு அல்ல, பார்த்துப் பழகியதில் நான் வந்து சேர்ந்த முடிவு. முடித்த வேலையைக் கண்ணெதிரே வைக்காதீர்கள். பரிசு வாங்கிய அட்டை, பாராட்டு வந்த பக்கம், இதெல்லாம் முதுகுப்பக்கச் சுவருக்குப் போகட்டும். எதிரே இருந்தால், நேற்று முடித்த நல்ல படம் இன்றைக்குப் போட்ட முதல் கிறுக்கலை அடித்துவிடும். நடுவில், உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வருகிற இடத்தில், தரையிலிருந்து நாலடி சுமாருக்கு, இப்போது முடியாமல் நிற்கிற பக்கங்களை வரிசையாகக் குத்துங்கள். ஒரு 24 பக்கக் குழந்தைப் புத்தகம் என்றால், இருபத்து நாலு சின்னக் கட்டங்களும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், வரையாத கட்டம் வெறும் தாளாகவே இருக்கட்டும். உட்காராதபோதும், டீ எடுத்துக்கொண்டு அறைக்குள் வரும்போதும், அந்த வெற்றுத் தாள் கண்ணில் படும். யானை எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது அப்படிப் போகிறபோக்கில் தோன்றுவது நிறைய. பக்கத்தில், அந்தக் கதைக்கு வேண்டியதாகச் சேர்த்த பொருள்கள்: பேருந்துச் சீட்டு, காய்ந்த இலை, மளிகைக் கடைப் பொட்டலத்தின் அச்சு, பழைய காலண்டர் படம். வாரம் ஒரு நாள் பாதியைக் கழற்றி வேறு வையுங்கள். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருக்கிற எதையும் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். நியான் எழுத்தை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். முதல் வாரம் உற்சாகம் தரும், அப்புறம் அது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அதோடு அதன் நிறம் உங்கள் தாளின்மேல் வழியும்.

நிறத்துக்கு வருகிறேன். நீலம் கற்பனைக்கு நல்லது என்று நீங்கள் படித்தது 2009-ல் ரவி மேத்தா, ரூய் ஜு இருவரும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. கணினித் திரையின் பின்னணி நீலமாக இருந்தபோது, ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்பது போன்ற கேள்விக்குப் புதுமையான பதில்கள் வந்தன, சிவப்பாக இருந்தபோது நுணுக்க வேலை நன்றாக நடந்தது என்றார்கள். அது திரையின் நிறம், சுவரின் நிறம் அல்ல. அந்த ஆய்வின் ஒரு பகுதியைப் பிறகு வேறொருவர் கூடுதல் ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. 2012-ல் ஜெர்மனியில் பச்சை நிறம் உதவுகிறது என்று இன்னொரு ஆய்வு. இதை வைத்து ஒருவர் சுவருக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னால் நான் தடுப்பேன். உங்கள் தொழிலில் வேறொரு காரணமும் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடர்ந்த நிறச் சுவர் தன் சாயலைத் தாளின்மேலும் உங்கள் கண்ணின்மேலும் ஏற்றும். பக்கத்தில் நீலம் இருந்தால் நீங்கள் கலக்கிற மஞ்சள் வேறாகத் தெரியும். வெள்ளைச் சுவர் விழுகிற வெளிச்சத்தில் 80 சதவீத அளவைத் திருப்பித் தரும், கருநீலம் பத்து சதவீதம் தந்தாலே அதிகம். மேலே சொன்ன 120 லக்ஸ் இன்னும் இறங்கிவிடும். மேசையைச் சுற்றி வெள்ளை, அல்லது நிறச்சாயல் இல்லாத வெளிர் சாம்பல். நிறம் வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன், அது கழற்றி மாட்டக்கூடிய துணியாக முதுகுப்பக்கம் இருக்கட்டும். கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டால் கிடைக்கிற நிறம் எந்தப் பெயின்ட் டப்பாவிலும் கிடைக்காது. வீடு மாறும்போது மடித்து எடுத்துக்கொண்டும் போகலாம்.

மற்ற பிரபலமான அறிவுரைகளில் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2007 ஆய்வு ஒன்று பத்தடிக் கூரையின்கீழ் ஆட்கள் விரிவாக யோசித்தார்கள், எட்டடிக் கூரையின்கீழ் விவரங்களில் கவனம் வைத்தார்கள் என்றது. அங்கே கூரையை ஆட்கள் கவனிக்கும்படி விளக்குகள் தொங்கவிட்டிருந்தார்கள். உங்கள் வீட்டில் கூரையை உயர்த்த முடியாது, ஃபால்ஸ் சீலிங் போட்டுக் குறைக்காமல் இருந்தால் போதும். 2012-ல் வந்தது 70 டெசிபல் அளவுச் சத்தம், அதாவது ஆள் நடமாட்டமுள்ள ஓட்டல் போன்ற இரைச்சல், 50 டெசிபலைவிடக் கற்பனைக்கு உதவுகிறது, 85 ஆனால் கெடுக்கிறது என்ற ஆய்வு. மேசை அலங்கோலமாக இருந்தால் புது யோசனை வரும் என்று 2013-ல் சொன்னார்கள். 2019-ல் திரும்பச் சோதித்தபோது அது தெரியவில்லை. இவை எல்லாமே, முன்பின் தெரியாத ஆட்களுக்குச் சில நிமிடத் தேர்வு கொடுத்து எண்ணிய முடிவுகள். ஒரு புத்தகத்தை ஆறு மாதம் கட்டி இழுக்கிறவருடைய வேலைக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. மங்கலான வெளிச்சம் பற்றிய ஜெர்மானிய ஆய்வு மட்டும் எனக்குக் கொஞ்சம் பயன்பட்டிருக்கிறது. 150 லக்ஸில் உட்கார்ந்தவர்கள் 500 லக்ஸில் உட்கார்ந்தவர்களைவிடத் தடையில்லாமல் யோசித்தார்கள் என்று 2013-ல் வெளியிட்டார்கள். இதை உண்மையென்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஒரு மூலையில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்றைத் தாழ்வாக வைத்துவிட்டு, முதல் கிறுக்கல்களை அதன் வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்து போடுங்கள், நல்லதாகத் தாளில் ஏற்றும்போது மேசை விளக்குக்கு வாருங்கள் என்று சொன்னதில் பல ஓவியர்களுக்குப் பிடித்துப்போனது. இரண்டு விளக்கு, இரண்டு இடம் என்றானதும், கிறுக்கும்போதே திருத்துகிற பழக்கம் குறைகிறது என்கிறார்கள்.

தரையில் உட்கார ஒரு பத்தமடைப் பாய் போதும். நம்மில் நிறையப் பேருக்குச் சம்மணமிட்டு, மடியில் பலகை வைத்து வரைவது நாற்காலியைவிட இயல்பாகவே வருகிறது. அந்த இடம் கணினித் திரையைப் பார்க்காத பக்கமாக இருக்கட்டும்.

செடி வையுங்கள், கண்ணுக்குப் பசுமை நல்லது. காற்றைச் சுத்தம் செய்யும் என்று மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்தப் பேச்சு 1989-ல் நாசா, காற்றுப்புகாத சிறு பெட்டிகளுக்குள் செய்த சோதனையிலிருந்து வந்தது. 2019-ல் அத்தகைய ஆய்வுகள் பலவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், ஜன்னல் திறப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, சில இடங்களில் ஆயிரம் வரை தேவைப்படும் என்றார்கள். மேற்கு ஜன்னலோரம் ஸ்நேக் பிளான்ட் தாங்கும். மணி பிளான்ட்டைப் பாட்டில் தண்ணீரில் வைப்பதானால் வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றிப் பாட்டிலைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுக்கும் இதேதான்.

அறைக்குள் சாமான் சேர்ப்பதற்கு முன், நடக்க இடம் விடுங்கள். ஸ்டான்ஃபோர்டில் 2014-ல் வந்த ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது வந்த யோசனைகளைவிட நடந்தபோது சராசரியாக 60 சதவீதம் அதிகம் வந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தோட்டமோ காட்சியோ அவசியமில்லை. உங்கள் அறையில் நீளவாக்கில் இரண்டரை அடி அகலம் தடையில்லாமல் விட்டால் அதுவே நடைபாதை. அதனால் சோபா கம் பெட், புத்தக அலமாரி இரண்டும் வேண்டாம், ஒன்று போதும். மொட்டை மாடிச் சாவி கிடைக்குமென்றால் சாயங்காலம் அங்கே போய்விடுங்கள்.

ஒரு விஷயம் என் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அறையை மாற்றியும், வெளியூர் போய் வந்தும், மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பு வரவில்லை, தூக்கமும் சரியில்லை என்றால், அது சுவரும் விளக்கும் சம்பந்தப்பட்டதாக இருக்காது. மருத்துவரிடம் பேசுங்கள், அதில் தயக்கம் வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, 40,000-ல் பாதியை நல்ல நாற்காலிக்கு வையுங்கள்; உட்கார்ந்து பார்த்து, பாதம் முழுக்கத் தரையில் படிகிறதா, முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிறதா என்று சோதித்துவிட்டு வாங்குங்கள். மேசை புதிதாக வேண்டாம். பழைய கதவுப் பலகையை இரண்டு மரக் கால்மேல் வைத்தாலும் போதும், ராத்திரி வேலையை எடுத்து வைக்காமல் அப்படியே விட்டுப் போக முடிகிறதா என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. மேசை விளக்கு, பல்புகள், சாஃப்ட் போர்டு, மூங்கில் தட்டி, பாய் எல்லாம் மிச்சத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். கடைசியில் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாயைத் தொடாமல் இரண்டு மாதம் வைத்திருங்கள். அதற்குள் எந்த மூலையில் பேப்பர் குவிகிறது, எதை எடுக்க அடிக்கடி எழுகிறீர்கள், எந்த நேரம் வெயில் எங்கே அடிக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அலமாரியோ டிராயரோ அப்போது அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடம் எவ்வளவு தூரத்தில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். வெள்ளைச் சுவர் கிட்டத்தில் இருந்தால் காலையிலும் உங்களுக்கு நல்ல வெளிச்சம் திரும்பி வரும், அதைப் பொறுத்துத் தட்டியின் அளவைச் சொல்கிறேன்.